உட்காரப் பழகாத கால்கள்

போலீஸ்காரன் வந்து வாசலில் நின்று, விரலை நீட்டி எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, போன் பண்ணப் போயிருக்கிறான். எங்களை ஏற்றிப்போக வண்டி வரவேண்டும். அது வரும்வரை எனக்கு இருக்கிற ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. இதற்குப் போய் ஒரு மனிதன் பயப்படுவானா என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. போலீஸைப் பார்த்து இல்லை, ஜெயிலைப் பார்த்தும் இல்லை, என் கால்களைப் பார்த்துப் பயம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில், கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் நான் சர்வர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சர்வர். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருப்பதும் நான் நின்றுகொண்டிருப்பதும் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. நாற்காலியைப் பின்னால் இழுத்து, துரைசாணி உட்காருகிற நேரம் பார்த்து முழங்காலுக்குப் பின்னால் பதமாகத் தள்ளிக்கொடுக்க எனக்குத் தெரியும். நானே உட்காருவது எப்படி என்பதுதான் இந்த ஊரில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது. இது ரயில் ஸ்டேஷன் காத்திருப்பு அறை, நல்ல பெஞ்சு. மெருகு போட்டு வழவழவென்று இருக்கிறது, சாய்ந்துகொள்ள வளைவு வைத்திருக்கிறார்கள். எந்தத் தச்சனோ ஒரு வெள்ளைக்கார முதுகை அளந்து செய்திருக்கிறான், என் முதுகுக்கும் சரியாகத்தான் இருக்கிறது. வெளியே கதவுக்கு மேலே பலகை: வெள்ளையர்களுக்கு மட்டும். உள்ளே நாங்கள், கறுப்பர்களும் இந்தியர்களுமாக, மூன்று சுவரோரமும் பெஞ்சை நிரப்பிக்கொண்டு. எங்கள் குழுவுக்குத் தலைவர் குமாலோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஜுலு ஜனம், பள்ளிக்கூட வாத்தியார், என்னைவிட வயதில் சின்னவர், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அவர் சொன்ன விதி ஒன்றுதான். போலீஸ் தோளில் கை வைத்து, உன்னைக் கைது செய்கிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. திட்டினாலும் துப்பினாலும் அடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது. ஒருவன் எழுந்து போனால் மற்றவனுக்குக் கால் ஆடிவிடும், நாளைக்குப் பத்திரிகையில் பயந்து ஓடினார்கள் என்று போடுவான். நான் கால் இரண்டையும் தரையில் ஊன்றி வைத்திருக்கிறேன். இடது கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு துடிக்கிறது. ராத்திரி அதைத் தைலம்மாதான் அழுத்திவிடுவாள்.

தைலம்மா என் பெண்சாதி. அவள் இப்போது ஜெயிலில் இருக்கிறாள். எனக்கு முன்னாலேயே போய்விட்டாள். வீட்டில் ஆம்பிளை நான் இருக்க அவள் போனதில் சொந்தக்காரர்களுக்கு வாய்க்கு அவல். மார்க்கெட்டில் கொத்தமல்லியும் முருங்கைக்காயும் விற்கிறவள், படிப்பு கிடையாது, இங்கிலீஷில் காய்கறிப் பேர் மட்டும் தெரியும். ஒருநாள் தபாலாபீஸில் அவள் முறை வந்தபோது பின்னாலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முதலில் ஸ்டாம்பு கொடுத்திருக்கிறார்கள். என்றைக்கும் நடப்பதுதான். அன்றைக்கு என்னவோ அவளுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் சட்டமறுப்புக் கூட்டத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள். இதெல்லாம் படித்தவர்கள் பார்க்கிற வேலை, சட்டம் தெரிந்தவர்கள் பார்க்கிற வேலை என்று நான் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, போய் உக்கார்றதுக்கு என்னங்க படிப்பு?" என்றாள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது, அங்கே யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்திருப்பார்கள், இங்கே என் பெண்சாதி ஒரு பெஞ்சில் உட்காருவதற்கு ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது. கோர்ட்டில் அவளுக்கு ஒரு மாதம் போட்டார்கள். அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள், கட்டமாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள், அதுதான் அவர்கள் எல்லோரும் பேசிவைத்தது. வண்டியில் ஏறுமுன் என்னைத் தேடிப் பார்த்து, நீங்க வராட்டியும் பரவாயில்ல, உடம்பப் பாத்துக்கங்க என்றாள். அந்தப் பரவாயில்லை என்னை அன்றையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் பருப்பில் உப்பு நிற்பதில்லை, ஒன்று கரிக்கிறது, இல்லாவிட்டால் சப்பென்று இருக்கிறது. தூங்கும்போது அவள் காலைத் தூக்கி என் கால்மேல் போட்டுக்கொள்வாள், எத்தனையோ நாள் கனக்கிறது என்று தள்ளிவிட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கனம் வேண்டியிருக்கிறது. அவள் தலையணையில் கொத்தமல்லி வாசனை இருந்தது, முதல் வாரம் இருந்தது, அப்புறம் நானே மோந்து மோந்து தீர்த்துவிட்டேன் போல. ஜெயிலில் புடவை கிடையாதாம், கவுன் மாட்டிவிடுகிறார்களாம். தைலம்மாவைக் கவுனில் நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, பாதியிலேயே நின்றும் விடுகிறது. பொறுத்திருங்கள், அவள் வந்தபிறகு நீங்கள் போகலாம் என்று குமாலோ சொல்லிப்பார்த்தார். இன்றைக்குப் பிடித்தால் அவள் வெளியே வருகிற நாளில் நான் உள்ளே இருப்பேன், ஜெயில் வாசலில் அவளைக் கூட்டிப்போக ஆள் இருக்காது. தெரிந்துதான் வந்திருக்கிறேன். அவளைக் கூட்டிப்போக வாசலில் நின்றால், அங்கேயும் நிற்கிறவனாகத்தானே இருப்பேன்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒத்திகை வைத்தார்கள். கூட்ட அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எங்களை உட்காரவைத்து, குமாலோ வெள்ளைக்காரனாக வேஷம் கட்டினார். தொப்பியைத் தட்டிவிடுவார், காதுக்குள் கத்துவார், தாயைச் சேர்த்துத் திட்டுவார், தள்ளிவிடுவார். மற்றவர்களுக்குப் பல் நறநறவென்றது, ஒருவன் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தே விட்டான், அவனைப் பிடித்து உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து. கோபத்தை அடக்குவதற்குத்தான் அந்த ஒத்திகை. என் முறை வந்தது. குமாலோ பூட்ஸோடு என் காலை மிதித்தார். நான் சட்டென்று எழுந்து, "சாரி சார்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். குமாலோ மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி உட்காரவைத்து மறுபடி மிதித்தார், மறுபடி அதேதான், கால் தானாக எழுந்துகொள்கிறது, வாய் தானாக மன்னிப்புக் கேட்கிறது, மிதிபட்டது என் கால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் தெருவில் கூடவே நடந்துவந்தார். என்னிடம் கோபமே இல்லையே என்று வருத்தமாகக் கேட்டார். இல்லாவிட்டால் நல்லதுதானே, நான் ஏற்கனவே பாஸ் பண்ணிவிட்டேனே என்றேன், வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். எத்திராஜ், வெறும் பாத்திரத்தை மூடி வைக்கிறதற்குப் பேர் அடக்கம் இல்லை என்றார். திருப்பி அடிக்கத் தோன்ற வேண்டும், தோன்றியபிறகு அடிக்காமல் இருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய பலம் எல்லாம் இருக்கிறது, திருப்பி அடிக்கவே தோன்றாதவன் அவர்களுடைய ஆள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டலில் சூப் ஆறிவிட்டது என்று தட்டை என் சட்டையில் கவிழ்த்தவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே, அதுவும் பொறுமைதானே? முகம் அதே முகம். கை அதே மாதிரி தொங்குகிறது. குமாலோவின் சிரிப்புக்கும் என் சிரிப்புக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? உள்ளே வித்தியாசம் இருக்கவேண்டும் என்கிறார். என் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு சர்வர் கையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு அங்கே பேரும் எத்திராஜ் இல்லை, சாமி. ஓட்டலில் நாங்கள் எல்லோரும் சாமிதான், கோயிலில் இருக்கிற சாமி இல்லை, கூப்பிட்டால் ஓடிவருகிற சாமி.

சற்று முன்னால் ஒரு வாலிபன் வந்தான். தலையைச் சீவி எண்ணெய் மினுங்க, சிகரெட்டும் கையுமாக. எங்களைச் சுற்றிப் பார்த்தான், குமாலோவின் பக்கத்தில் போய் நின்று சாம்பலை அவர் தொப்பியில் தட்டினான். மறுபடியும் தட்டினான். குமாலோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழுந்து அமுங்கியது, நான் பார்த்தேன், அதுதான் அவர் சொன்ன அந்த நடுவிடம் போலிருக்கிறது. என் கண் என்ன செய்தது தெரியுமா? சாம்பல் தட்டு எங்கே என்று தேடியது. கை சட்டைப்பையில் போய்க் கைக்குட்டையை எடுத்தேவிட்டது, தொப்பியைத் துடைக்க. வெட்கமாக இருந்தது, மறுபடி உள்ளே திணித்துக்கொண்டேன். அவனுக்கு அலுத்துப்போய் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னும் வண்டி வரவில்லை. ஜன்னல் வழியாக ரயில் தண்டவாளத்தில் வெயில் விழுவது தெரிகிறது. எனக்கு வலது பக்கம் பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் நெருக்கி உட்கார இடம் இருக்கிறது. வந்ததிலிருந்து அந்த இடத்தைத் தைலம்மாவுக்கு என்று மனசுக்குள் போட்டுவைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் அவளும் வீட்டுக்கு வெளியே சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். நீளமாகப் பெஞ்சு போட்டிருப்பார்கள், கடலைப் பார்த்து, வரிசையாக. எல்லாம் அவர்களுக்கு. நாங்கள் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நடப்போம், நடந்துகொண்டே தின்போம், திரும்பி நடப்போம். ஒருதடவை அவள் கருவுற்று நாலைந்து மாதம், அந்தப் பிள்ளை தங்கவில்லை, அது வேறு கதை, அன்றைக்கு வழியில் நின்றுவிட்டாள். கொஞ்சம் உக்காரணும் போல இருக்குங்க என்றாள். எங்கே என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியாதா. சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள். எதிரில் பெஞ்சு காலியாக இருந்தது, ஈரக்காற்றில் பளபளவென்று. அந்தப் பெஞ்சை நான் எத்தனை தரம் கனவில் பார்த்திருக்கிறேன். கனவிலும் அது காலியாகத்தான் இருக்கும். அவள் மட்டும் இங்கே இப்போது பக்கத்தில் இருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம், அவள் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தால் போதும், அப்புறம் எத்தனை மாதம் போட்டாலும் போடட்டும்.

கதவு திறக்கிறது. வண்டி வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, ஒரு கிழவி. வெள்ளைக்காரி, தனியாக. கையில் ஊன்றுகோல், பை, தலையில் பூ வைத்த பழைய தொப்பி, காலுறைக்குள் கணுக்கால் வீங்கியிருக்கிறது. இவளை எனக்குத் தெரியும். இவளை என்றால் இவளையே இல்லை, ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்து, ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்கிற அத்தனை பேரையும். அவள் எங்களைப் பார்க்கிறாள். தலையைத் திருப்பி வெளியே பலகையைப் பார்க்கிறாள், தப்பான அறைக்குள் வந்துவிட்டோமோ என்று. மறுபடி எங்களைப் பார்க்கிறாள். வெளியே போகவில்லை, நடக்க முடியவில்லை போலிருக்கிறது, கோலின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். ஒருவரும் அசையவில்லை. என் கால். அய்யோ என் கால். தொடை தானாக இறுகுகிறது, குதிகால் தரையைத் தள்ளுகிறது, பெஞ்சிலிருந்து நான் ஒரு விரல்கடை மேலே வந்தேவிட்டேன், இரண்டு கையாலும் பலகையின் அடியைப் பிடித்துக்கொண்டு என்னை நானே கீழே இழுத்து வைக்கிறேன். குமாலோ பார்த்துவிட்டார். எத்திராஜ் என்று கண்ணாலேயே சொல்கிறார். எழுந்தால் என்ன, வயசான மனுஷி, யார் வந்தாலும் எழுந்திருப்பேன், தைலம்மாவின் அம்மா வந்தால் எழுந்திருக்க மாட்டேனா. அது மரியாதை. எதிராளியிடம் மரியாதையாக நடந்துகொள்ளத்தானே சபதம் எடுத்தோம்? ஆனால் இது மரியாதையா, இல்லை அந்தத் துண்டு போட்ட சர்வரா? அவள் கறுப்பாக இருந்து இப்படி நின்றால் என் கால் இந்த வேகத்தில் எழுந்திருக்குமா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எழுந்தால் அடிமை, எழாவிட்டால் ஒரு கிழவியை நிற்கவைத்த பாவி. அவள் கோல் நடுங்குகிறது. எங்களைத் தள்ளிவைக்கப் போட்ட சட்டம் அவளையும் அல்லவா நிற்கவைத்திருக்கிறது, நாங்கள் இருக்கிற பெஞ்சில் உட்கார அவளாலும் முடியவில்லையே. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ரொம்பச் சின்ன விஷயம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும், எனக்குத்தான் இத்தனை நாள் தோன்றவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. நகர்ந்தேன். ஒட்டி நகர்ந்து, தைலம்மாவுக்கு என்று வைத்திருந்த இடத்தை அகலமாக்கி, இங்கே இடம் இருக்கிறது அம்மா, உட்காருங்கள் என்றேன். குரல் என்னுடையதுதான், ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து அது வருவதைக் கேட்க எனக்கே புதிதாக இருந்தது.

அவள் யோசித்தாள். அப்புறம் வந்து உட்கார்ந்தாள். கைப்பையை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளைக்காரியின் பக்கத்தில் ஒரே பலகையில் நான். பாச்சை உருண்டையும் ஏதோ பூவும் கலந்த வாசனை. குமாலோ முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. செய்துவிட்டேன் தைலா, எழுந்திருக்காமல் செய்துவிட்டேன், இதுதானே நாம் கேட்டது, அவர்களை எழுப்பிவிட வேண்டும் என்றா கேட்டோம், கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லித்தானே கேட்டோம். உன் இடத்தைத்தான் அவளுக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம். பூட்ஸ் சத்தம். பெரிய அதிகாரி ஒருவர், பின்னால் முதலில் எங்களை எண்ணிப் போன போலீஸ்காரனும் இன்னும் இரண்டு பேரும். அதிகாரி அறையைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு, கொஞ்சம் வெளியே வருகிறீர்களா, இவர்களை அப்புறப்படுத்திவிடுகிறோம் என்று பணிவாகக் கேட்டார். இப்போதுதானே உட்கார்ந்தேன் என்றாள் அவள். கால் வலிக்கிறது, என் ரயில் வந்தபிறகு உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருப்பதை நான் பார்க்கவேண்டாம் என்றாள். அதிகாரி சரி அம்மா என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார், மற்ற போலீஸ்காரர்களும் நின்றுவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், அவர்கள் நிற்கிறார்கள். இப்படி ஒரு காட்சியை நான் கனவிலும் கண்டதில்லை. இவ்வளவு லேசா? இத்தனை பேர் ஜெயிலுக்குப் போனது, தைலம்மா கவுன் மாட்டிக்கொண்டது, எல்லாம் எதற்கு, ஒரு கிழவிக்குக் கால் வலித்தால் சட்டம் சுவரோரம் காத்து நிற்கிறதே. சரி, கிடைத்தவரை உட்காரலாம், அவள் ரயில் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்லது, என்று சாய்ந்துகூட விட்டேன், முதுகு அந்த வளைவில் போய்ப் பொருந்தியது. அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் நல்லதனம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். "நீ உட்காரலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றாள்.

என்ன வந்தது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து சூடாக ஏதோ ஏறியது, நெஞ்சு, தொண்டை, காது. ஜுரம் என்று நினைத்தேன். கை இரண்டும் கனத்தன. உட்காரலாமாம். அனுமதி கொடுக்கிறாள், அதுவும் அன்பாகக் கொடுக்கிறாள். வாழ்நாள் முழுக்க மிதித்தவர்கள் யாரிடமும் வராத கோபம், சூப்பைக் கவிழ்த்தவனிடம் வராத கோபம், இந்த நோஞ்சான் கிழவியின் நல்ல மனசைப் பார்த்தா வரவேண்டும். வந்துவிட்டது. நன்றாக வந்துவிட்டது. அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டும், நீ யார் எனக்குச் சொல்ல என்று கத்த வேண்டும், பற்கள் அரைபடுவது எனக்கே கேட்டது. கையைப் பார்த்தேன். விரல் மடங்கியிருந்தது. மடங்கினபடியே மடியில் கிடந்தது. நான்தான் அதை அங்கே வைத்திருந்தேன், பயம் இல்லை, பழக்கம் இல்லை, நானே வைத்திருந்தேன். அப்புறம் எழுந்தேன். எதிரில் குமாலோ திடுக்கிட்டுத் தலையை ஆட்டினார், விதி அது இல்லை, தோளில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. எனக்குத் தெரியும். அறையைக் கடந்து நடந்தேன், கால் எனக்குக் கீழே என் காலாகவே இருந்தது. சுவரோரம் நின்ற அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். உன்னை யார் எழுந்திருக்கச் சொன்னது, ரயில் வரட்டும் என்றார்.

"யாரும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து முடித்துவிட்டேன்," என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். பின்னால் மற்றவர்களும் எழுந்திருக்க, பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடுவது கேட்டது. வெளியே வெயிலில் கண் கூசியது, வண்டியின் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே இரண்டு பக்கமும் இரும்புப் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. தைலா, உன்னிடம் இதைச் சொல்ல இன்னும் எத்தனை நாள் ஆகுமோ.